வடதுருவம் காணப் புறப்படும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

கடலாடி,
கார்த்திகை மாதம்.

அன்பார்ந்த தம்பிமார்களே, தங்கைமார்களே,

கடலாடியிலும் சாயல்குடியிலும், ஏர்வாடியிலும் வாலிநோக்கத்திலும், மூக்கையூரிலும் நரிப்பையூரிலும் பிறந்து, படிப்பின் பொருட்டு மதுரைக்கும் சென்னைக்கும் போய், பின்னர் உத்தியோகத்தின் பொருட்டு ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்து, இப்போது மார்கழி விடுமுறையை வடதுருவத்துப் பனிநாடுகளில் கழிப்பதென்று தீர்மானித்து, விமானச் சீட்டும் விடுதி அறையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிற உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு நான் எழுத்துக் கற்பித்தவன். சிலருடைய தகப்பனாருக்கும் கற்பித்தவன். அந்த உரிமை ஒன்றைத் தவிர உங்கள் பிரயாணத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு வேறு அதிகாரம் இல்லை. ஆயினும் நீங்கள் வீட்டாருக்கு அனுப்பி, அவர்கள் பெருமையோடு என்னிடம் காட்டிய பயணத் திட்டங்களை வாசித்தபோது, சொல்லாமல் இருப்பது தகாது என்று ஒரு விஷயம் மனத்தில் ஊன்றிவிட்டது.

நீங்கள் போவதில் எனக்குப் பரிபூரண சம்மதம். காசைக் கரியாக்குகிறார்கள் என்று ஊரில் முணுமுணுப்பவர்களோடு நான் சேரவில்லை. ஒன்பதாவது அட்சரேகைக்கு அருகே, கரிசலிலும் மணலிலும், வெயிலையே பருவமாக அறிந்து வளர்ந்த பிள்ளைகள், எழுபதாவது அட்சரேகையை நெருங்கி, நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடு வரையில் சூரியன் அடிவானத்துக்கு மேலே ஏறாத ட்ரோம்ஸோ நகரத்தில் நின்று, நண்பகலின் நீல வெளிச்சத்தையும் இரவு வானில் பச்சையாய் நெளியும் துருவ ஒளியையும் காண்பது பாக்கியந்தான். ஸ்டாக்ஹோமில், 1628-ஆம் ஆண்டு முதற் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் மூழ்கி, 1961-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட வாசா கப்பலை முழு உருவத்தோடு பார்க்கலாம். ஆஸ்லோவில், நான்சனையும் அமுண்ட்சனையும் உறைபனிக் கடல்களுக்குச் சுமந்து சென்ற ஃபிராம் கப்பலின் தளத்தில் ஏறி நடக்கலாம். கப்பலும் படகும் கண்டு வளர்ந்த உங்களுக்கு இவை இரண்டும் அரண்மனைகளைவிட அதிகம் பேசும். அங்கிருந்து வடக்கே ரொவானியெமிக்கோ ட்ரோம்ஸோவுக்கோ போய், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் காட்டுக்குள் செல்வதும், கண்ணாடிக் கூரையிட்ட குடிலில் படுத்து வானம் பார்ப்பதும், உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போடுவதும் உங்கள் வயதுக்கு ஏற்ற சந்தோஷங்கள். வடதுருவத்தை ஒட்டிய தூந்திரா வெளிகளில் கோடையில் குஞ்சு பொரித்த கொசு உள்ளான்களும் வளைமூக்கு உள்ளான்களும் நம் மன்னார் வளைகுடாத் தீவுகளின் சேற்றுத் திட்டுகளில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் நீங்கள் அவற்றின் பிறந்த திசைக்குப் போகிறீர்கள் என்பதை எண்ணி நானும் மகிழ்ந்தேன்.

என் குறை வேறு. நான் பார்த்த திட்டங்கள் எதிலும், நார்வே நாட்டின் மீன்பிடித் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. நகரங்கள் இருக்கின்றன, வனாந்தரம் இருக்கிறது; இரண்டுக்கும் இடையே, ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்கு, கடலை நம்பி ஜீவனம் செய்யும் ஜனங்களின் கரை இருக்கிறதே, அதற்கு அரை நாள்கூட ஒதுக்கப்படவில்லை. பெரிய நகரத்துப் பிள்ளைகள் அப்படிப் போய்வந்தால் நான் வாய் திறக்கமாட்டேன். வாலிநோக்கத்திலிருந்தும் மூக்கையூரிலிருந்தும் போகிறவர்கள், வள்ளம் தள்ளிய கைகளால் வளர்க்கப்பட்டவர்கள், நார்வே தேசத்துக்குப் போய், அங்கே மீன்காரன் எப்படி வாழ்கிறான் என்று எட்டிப் பார்க்காமல் திரும்பினால், அது எனக்கு மனவருத்தம் தருகிறது.

நார்வேக்கும் நமக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் பாட்டனார் காலத்தில் நார்வேக்காரர்கள் நம் கடற்கரைக்கே வந்திருந்தார்கள். 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வீஜியத் திட்டம், அறுபதுகளில் விரிந்தபோது அதன் நிலையங்களுள் ஒன்று நம் மண்டபத்தில் அமைந்தது. அந்நாளில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் மண்டபம் முகாமில்தான் இருந்தது. பாய் விரித்துக் காற்றுக்குக் காத்திருந்த கடலில் எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கியதும், மீனுக்குப் பனிக்கட்டி போடும் வழக்கம் பரவியதும், இறால் என்பது பெட்டிபெட்டியாய் வெளிநாடு போகும் சரக்காக மாறியதும், அந்தத் திட்டமும் அதையொட்டி நம் அரசாங்கங்கள் கொடுத்த ஊக்கமும் சேர்ந்து உண்டாக்கிய மாற்றங்கள். 1972-இல் நார்வேக்காரர்கள் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள். விசைப்படகும் இழுவைமடியும் நம்மிடம் தங்கின. அவை கொண்டுவந்த செல்வத்தையும், அவை கடலடியைச் சுரண்டிய கொடுமையையும் உங்கள் வீடுகளே அறியும். பாம்பனுக்கு இருபுறமும் எத்தனை குடும்பங்கள் அதனால் உயர்ந்தன, எத்தனை நாட்டுப்படகுக்காரர்கள் வலையறுந்து நின்றார்கள் என்பதை நான் உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

நல்லெண்ணத்தோடு வந்தவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் அவர்கள் தங்கள் நாட்டில் எஞ்சினோடு கூடவே ஒரு சட்டத்தையும் வைத்திருந்தார்கள். எஞ்சின் நம் கரைக்கு வந்தது, சட்டம் வரவில்லை. மீன் வியாபாரிகளின் கைப்பிடியில் தலைமுறை தலைமுறையாய் அடமானம் கிடந்த வடநார்வே மீனவர்கள் போராடிப் பெற்ற சட்டம் அது. 1938-இல் நிலைபெற்ற அச்சட்டத்தின்படி, கரைக்கு வரும் பச்சை மீனின் முதல் விற்பனை மீனவர்களுக்கே சொந்தமான விற்பனைச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அந்தச் சங்கத்துக்கு உண்டு. அதற்குக் கீழே எந்த வியாபாரியும் வாங்க முடியாது. சட்டத்தின் பெயர் பிற்காலத்தில் மாறியது, ஏற்பாடு இன்றும் நிற்கிறது. அந்தச் சங்கங்களுள் பெரியது ஒன்றன் தலைமையகம் நீங்கள் துருவ ஒளி காணப் போகிற அதே ட்ரோம்ஸோவில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: சில விலக்குகள் நீங்கலாக, கடலுக்குப் போகும் மீனவனே படகுக்கு உடைமையாளனாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கடலைக் கண்ணால் பார்த்திராத முதலாளி நகரத்தில் இருந்துகொண்டு பத்துப் படகு விடுவது அங்கே சுலபமான காரியம் இல்லை.

இதை வாசிக்கும்போது நம் கரையின் ஏலம் உங்கள் கண்முன் வந்திருக்க வேண்டும். கருக்கலில் வள்ளம் அணைகிறது. வலையிலிருந்து உதறிய மீன் மணலில் குவிகிறது. ஏலம் கூறுகிறவர் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து விலை கூறுகிறார். இரவெல்லாம் கடலில் கிடந்தவன் இரண்டடி தள்ளி, லுங்கியைப் பிழிந்துகொண்டு, வாய் திறவாமல் நிற்கிறான். அவன் பேசுவதில்லை, பேசவும் முடியாது. வலை வாங்கவோ எஞ்சின் பழுது பார்க்கவோ மகளின் கல்யாணத்துக்கோ அவன் வாங்கிய முன்பணம் அவனுக்குப் பதிலாய்ப் பேசிக்கொண்டிருக்கிறது. முன்பணம் கொடுத்தவருக்கே மீன் போகும். அவர் சொன்னதே விலை. அதிலும் கழிவு பிடிப்பார்கள். மீன் தராசில் ஏறும்போது அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களில் சிலருடைய தகப்பனார் இப்படி நின்றவர்கள்தாம். உங்கள் கல்லூரிக் கட்டணம் அந்த மௌனத்திலிருந்து வந்தது. இதே நிலையில் ஒரு காலத்தில் நின்ற ஜனங்கள் எப்படி அதிலிருந்து வெளியேறினார்கள் என்று பார்க்க, அவர்களுடைய ஊர் வரைக்கும் போகிற உங்களுக்கு ஆசை வர வேண்டாமா?

எல்லைப் பிரச்சினைக்கும் அங்கே நமக்கொரு பாடம் இருக்கிறது; அதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். 1974-இலும் 1976-இலும் இந்தியாவும் இலங்கையும் கடலில் எல்லை வகுத்தன. கோடு தெளிவாகக் கிழிக்கப்பட்டது. அந்தக் கோட்டின் இருபுறமும் நீந்தும் மீனை இரு கரைத் தமிழர்களும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதற்கு ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. விளைவு, இன்றும் நம் பிள்ளைகள் யாழ்ப்பாணச் சிறையில் கிடக்கிறார்கள். நம் இழுவைப்படகுகள் அறுத்தெறிந்த வலைகளைப் பார்த்து அங்குள்ள ஏழை மீனவனும் அழுகிறான். அந்த அழுகை நியாயமானது என்று ஒப்புக்கொள்ள நாம் கூசக்கூடாது. வடக்கே பேரன்ட்ஸ் கடலில் நடந்தது நேர்மாறானது. நார்வேக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் எல்லைத் தகராறு முடியவில்லை. அது 2010-ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் தீர்ந்தது. ஆனால் 1976 முதலே இரு நாடுகளும் கூட்டு மீன்வள ஆணையம் ஒன்றை வைத்து, விஞ்ஞானிகளின் கணக்கைக் கேட்டு, அவ்வாண்டு எவ்வளவு காட் மீன் பிடிக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஆண்டுதோறும் உட்கார்ந்து பேசி முடித்தன. பனிப்போரின் உச்சத்தில், ஒருவர்மேல் ஒருவர் ஏவுகணை குறிவைத்திருந்த நாட்களிலும், அந்தப் பேச்சு நிற்கவில்லை. அதே 1976-இல் நாம் கோடு போட்டோம், அவர்கள் மீனைப் பகிர்ந்தார்கள். நாடுகளின் பகையே காரணம் என்று நம்மவர்கள் சொல்லும் சமாதானம் இந்த உதாரணத்துக்கு முன் நிற்குமா என்று நீங்களே சிந்தியுங்கள்.

அங்கே குறையே இல்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். எண்பதுகளின் இறுதியில் காட் மீன் குறைந்துபோய், 1990-இல் பங்கீட்டு முறையை இறுக்கியபோது, சிறு படகுக்காரர்கள் பலர், அவர்களிலும் வடக்கின் பூர்வகுடிகளான கடலோரச் சாமி ஜனங்கள், வெளியே தள்ளப்பட்டார்கள்; அந்த வழக்கு இன்றும் அவர்கள் வாயில் இருக்கிறது. பனிமான் வண்டியில் உங்களை ஏற்றிக்கொண்டு போகப்போகிறவரும் அந்தச் சாமி இனத்தவராகவே இருக்கக்கூடும். ஆல்டா ஆற்றின் அணையை எதிர்த்து 1979 தொடங்கி அவர்கள் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1989-இல் காரஸ்யோக்கில் அவர்களுக்கென்று ஒரு சபையே உருவாயிற்று. அவரோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் முன், மந்தை எப்படியிருக்கிறது, மேய்ச்சல் நிலம் மிஞ்சியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கருவேலங்காட்டுக்கு நடுவே ஆடு ஓட்டும் நம் ஊர்க் கீதாரியிடம் பேசிப் பழகியவர்களுக்கு அந்தப் பேச்சு கஷ்டமாயிராது.

இனி நம்மவர்களைப் பற்றி. ஃபின்மார்க் என்னும் அந்த வடகோடி மாகாணத்தில், ரஷ்ய எல்லையை நோக்கி நீளும் கரையின் மீன் ஊர்களில், தமிழ்க் குரல் ஒலித்த வீடுகள் உண்டு. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் 1956-இல் நார்வே சென்று, மீன்பிடி நுட்பம் கற்று, அந்நாட்டு மக்களிடமே நிதி திரட்டிக் காரைநகரில் படகுத் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையுமாகச் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார்; அவர் வெட்டிய வழியில் பின்னர் மாணவர்கள் போனார்கள்; இலங்கையில் தமிழர்மேல் நடந்த 1983 ஜூலைக் கொடுமைக்குப் பிறகு அகதிகளாய்ப் பலர் போனார்கள். வடக்கே மீன் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. நம்மவர்கள் அங்கே அமர்த்தப்பட்டார்கள். வெள்ளை மேலங்கியும் ரப்பர் பூட்ஸும் அணிந்து, அடியில் விளக்கெரியும் மேசையில் காட் மீன் துண்டத்தை விரித்து, வெளிச்சத்தில் தெரியும் முள்ளையும் புழுவையும் கத்திமுனையால் எடுத்தெறியும் வேலை. தண்ணீரோ பனிக்கட்டிக் குளிர். வெளியே வந்தால் பகலும் இருட்டு. ஈர மணலில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகள் அந்த வேலையைச் செய்து, ஊரில் தங்கையைக் கரையேற்றி, தம்பியைக் கொழும்பு வழியாக வெளியே எடுத்து, தங்கள் பிள்ளைகளை டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் ஆக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிற்காலத்தில் ஆஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். அப்படி அகதிக் குடும்பத்துக் குழந்தையாய் வந்த ஹம்சாயினி குணரத்தினம் 2015-இல் அத்தலைநகரின் துணை மேயரானார். 2021-இல் பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீங்கள் பனிக்குப் பயந்து நாலு சட்டை போட்டுக்கொள்ளும் அந்த வடக்கில், அவருக்கு முந்திய தலைமுறை மீன் அரிந்து நின்றது. அந்த ஊர்களைக் காணாமல் ஒளியை மட்டும் கண்டு திரும்புவது முறையா?

ஃபின்மார்க்கைப் பற்றி நான் படித்தவற்றுள் என் நெஞ்சைத் தைத்தது இன்னொன்று. நம் ஜில்லாவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? தண்ணியில்லாக் காடு. தவறு செய்த உத்தியோகஸ்தரை அனுப்பும் இடம். வந்தவர் முதல் நாளே மாற்றலுக்கு மனுப் போடும் இடம். ஃபின்மார்க்கும் நார்வேக்காரர்களுக்கு அப்படியொரு தூரதேசந்தான். அங்கே அரசாங்கம் என்ன செய்தது? 1990 முதல் அம்மாகாணத்தையும் அதை அடுத்த பகுதியையும் தனி மண்டலமாக்கி, அங்கே வந்து குடியிருந்து வேலை செய்பவர்களுக்கு வருமான வரியைக் குறைத்து, படிப்புக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, ஆசிரியரும் வைத்தியரும் விரும்பி வரும்படி செய்தது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அந்த மாகாணத்து வீடுகளை வரிசையாய்க் கொளுத்திவிட்டுப் போயிற்று. ஹம்மர்ஃபெஸ்ட் நகரம் அடியோடு எரிந்தது. பின்னர் அங்கேயே மறுபடியும் எழுந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த நம் தனுஷ்கோடியை, மனிதர் வாழத் தகாத இடம் என்று முத்திரை குத்திக் கைவிட்டோம். போர் வேறு, புயல் வேறு என்பதை அறிவேன். கடைக்கோடியில் வாழ்பவனும் குடிமகன் என்ற எண்ணம் ஒரு ராஜ்யத்துக்கு இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

விடுமுறை என்பது களைப்பாற. அங்கேயும் பாடம் படிக்கச் சொல்கிறாரே வாத்தியார் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆண்டு முழுவதும் கணினிக்கு முன் உட்கார்ந்த உடம்புக்கும் மனத்துக்கும் ஓய்வு வேண்டும் என்பதை மறுக்கமாட்டேன். உங்களில் எவரையும் துருவ ஒளியை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. நாய் வண்டியை ரத்துச் செய்யச் சொல்லவில்லை. நான் கேட்பது இரண்டு நாள். மேலும், இதை உங்களைத் தவிர வேறு யார் செய்யக்கூடும்? அதிகாரிகள் குழுவாய்ப் போய்வந்து அறிக்கை எழுதுவார்கள். அது இராமநாதபுரத்துக்கு வரும் முன் எந்த அலமாரியிலோ தங்கிவிடும். நம் சம்மாட்டிகளும் நாட்டுப்படகுக்காரர்களும் பாசி எடுக்கும் பெண்களும் அந்த நாட்டைக் காணப்போவதில்லை. கடலும் தெரிந்து, அயல்பாஷையும் தெரிந்து, போகப் பணமும் உள்ள முதல் தலைமுறை நீங்கள்தாம்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். 1893-இல் தொடங்கி, இப்போது பெர்கனுக்கும் கிர்க்கெனெஸுக்கும் இடையே ஓடும் கடலோரக் கப்பல் சேவை ஒன்று இருக்கிறது. 34 துறைகளைத் தொட்டுச் செல்லும் அக்கப்பல் துருவ ஒளி காணப் போகிறவர்களுக்கும் பிரசித்தமானது. ட்ரோம்ஸோவிலிருந்து விமானத்தில் திரும்புவதற்குப் பதிலாக, அதில் ஏறிக் கிழக்கே போய், போட்ஸ்ஃபியோர்டிலோ வார்டோவிலோ இறங்குங்கள். ஓரிரவு அங்கே தங்குங்கள். காலையில் படகு அணையும் துறைக்குப் போய் நில்லுங்கள். மீனை யார் நிறுக்கிறார்கள், விலை எங்கே எழுதப்படுகிறது, பணம் எத்தனை நாளில் மீனவன் கணக்குக்கு வருகிறது, நோயுற்றால் அவனுக்கு யார் கொடுக்கிறார்கள், வயதானால் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு தடவை பிப்ரவரிக்குப் பிறகு போகிறவர்கள் லோஃபோட்டன் தீவுகளில் இறங்கி, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாய்க் கட்டிய காட் மீனை, உப்பின்றி, மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே கருவாடாக்கும் விதத்தைப் பாருங்கள்; உப்பும் வெயிலும் இத்தனை இருந்தும் நம் ஏர்வாடிக் கருவாட்டுக்கு ஏன் அந்த விலை கிடைப்பதில்லை என்ற கணக்கையும் அங்குள்ளவர்களிடமே கேளுங்கள். ஆஸ்லோவில் ஒரு மாலை, அந்த ஆலைகளில் வேலை செய்த நம் மூத்தவர்கள் எவரையாவது தேடிப் போய், அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டு வாருங்கள்.

பிறகு அதை ஊருக்குக் கொண்டுவாருங்கள். வைகாசியில் வருவது உத்தமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம்; விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும்; ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பார்கள்; கேட்க அவர்களுக்கு நேரமிருக்கும். மூக்கையூர்த் துறைமுகத்தின் ஏலக்கூடத்தில் ஒரு மாலை, வாலிநோக்கத்தில் ஒரு மாலை. ஒலிபெருக்கியும் மாலை மரியாதையும் வேண்டாம். கைபேசியில் எடுத்த படங்களையும், குறித்துவந்த விலைகளையும் வைத்துக்கொண்டு, அப்பன்மார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். பாசி எடுக்கும் பெண்களையும் அழைத்து முன்னால் உட்கார வையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொண்டு, அடுத்த குளிர்காலத்தில் போகிற பிள்ளையிடம் அந்தத் தாளைக் கொடுத்தனுப்புங்கள். வைகாசியில் எந்தத் தேதி தோதுப்படும் என்று உங்கள் வீட்டாரிடம் சொல்லியனுப்பினால், இரண்டு ஊர்ச் சங்கத்தாரிடமும் பேசி இடம் ஏற்பாடு செய்யும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
கடலாடி ஆசிரியர்